சோழவரத்துச் சத்தம், சொகுசுக் காரின் மௌனம்

பழைய பந்தயக் கார், தன்னை ஓட்டியவனிடம் எதையும் மறைக்கவில்லை. இன்றைய சொகுசு செடான் அவனிடம் எதையும் சொல்வதில்லை. இந்த இரண்டுக்கும் நடுவே நாம் எதைப் பெற்றோம், எதை விட்டோம்?

ஆர்.கே.பேட்டையில் பொழுது விடிவதே தறிச் சத்தத்தில்தான். நாடா இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் பாய்ந்து திரும்பும் ஓசை தெருவுக்குத் தெரு கேட்கும். வெளியூர்க்காரர்களுக்கு அது இரைச்சல். எங்களுக்கு அது பின்னணி. கரன்ட் போய்த் தறிகள் நின்றுவிட்டால்தான் தூங்குகிறவர்கூட விழித்துக்கொள்வார்.

ஒரு கிருத்திகை நாள் காலை. திருத்தணி மலையில் பூஜை போட்டுவிட்டு, ஒரு குடும்பத்தோடு ஒரு புத்தம்புது கறுப்பு செடான் எங்கள் தெருவுக்குள் வந்தது. பானெட்டில் சம்பங்கி மாலை, கண்ணாடியில் சந்தனப் பொட்டு, டயரில் நசுங்கிய எலுமிச்சம்பழத்தின் ஈரம். முன்னால் ஒருவர் டிவிஎஸ் எக்ஸெல்லில் பாவு உருளையைக் குறுக்கே வைத்துக்கொண்டு போனார். பின்னால் இவ்வளவு பெரிய வண்டி நெருங்கி வந்தது அவருக்குத் தெரியவே இல்லை. ஹாரன் அடித்ததும் துள்ளி, பாவோடு சாக்கடை ஓரம் சாய்ந்தார். நல்லவேளை, அடி ஒன்றுமில்லை.

கார் நின்றது. பிள்ளைகள் சூழ்ந்துகொண்டார்கள். தறி மெக்கானிக்காக 40 வருடம் வேலை பார்த்த என் பெரியப்பா மெல்ல நடந்து வந்து, பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்தார்.

"வண்டி ஓடுதா, நின்னு போச்சா தம்பி?"

"ஓடிக்கிட்டுத்தாங்க ஐயா இருக்கு" என்றார் டிரைவர்.

பெரியப்பா என் பக்கம் திரும்பினார். "சத்தமே போடாத மிஷினு இன்னா கேக்குது, எங்க வலிக்குதுன்னு எப்பிடி நைனா தெரிஞ்சிக்கிறது?"

எழுபதுகளின் கடைசியில் லாரி ஏறிப் போய் சோழவரத்தில் கார் பந்தயம் பார்த்துவிட்டு வந்தவர் அவர். இந்தக் கட்டுரை அவருடைய கேள்வியிலிருந்து பிறந்தது.

விமானம் இறங்கிய தரையில் கார்கள்

எங்கள் திருவள்ளூர் மாவட்டத்தின் மேற்குக் கோடியில் ஆந்திர எல்லையோரம் ஆர்.கே.பேட்டை. கிழக்கே, செங்குன்றத்தைத் தாண்டி, கொல்கத்தா நெடுஞ்சாலையில் சோழவரம். இரண்டாம் உலகப் போர் சமயத்தில் அங்கே ஒரு விமான ஓடுதளம் போட்டார்கள். போர் முடிந்து விமானங்கள் போன பிறகு, அந்தக் கெட்டித் தரை கார்களுக்கும் மோட்டார் சைக்கிள்களுக்கும் கிடைத்தது. 1953-ல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதை இந்தியப் பந்தய உலகின் தலைவாசலாக மாற்றியது.

வளைவுகளைக் குறிக்க வைக்கோல் கட்டுகளும் பீப்பாய்களும்தான். வெயில், தூசி, பல்லாயிரக்கணக்கான ஜனம். கோண்டல் அரச குடும்பத்தார் வெளிநாட்டுப் பந்தயக் கார்களோடு வந்தார்கள். எண்பதுகளின் தொடக்கத்தில் விஜய் மல்லையா என்சைன் ஃபார்முலா ஒன் கார் ஒன்றை இங்கே ஓட்டினார். ஆனால் சோழவரத்தின் உயிர், பணக்காரர்கள் கப்பலில் இறக்கிய கார்களில் மட்டும் இல்லை. வண்டலூர் பக்கம் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டும் பம்பாயில் தயாரான ஃபியட் 1100-ம் அங்கே பந்தயக் கார்களாக மறுபிறவி எடுத்தன. வார நாட்களில் வீட்டுக் கார், பந்தய நாளில் போர்க்குதிரை.

இறக்குமதிக்குக் கெடுபிடி இருந்த காலம் அது. கடையில் வாங்க முடியாத பாகத்தை லேத்தில் கடைந்துதான் ஆக வேண்டும். சிலிண்டர் ஹெட்டை இழைத்து அழுத்தத்தைக் கூட்டினார்கள். கார்புரேட்டரின் ஜெட்டை மாற்றினார்கள். பின்சீட்டு, கதவுத் துணி, பம்பர் என்று எடை தருகிற எல்லாவற்றையும் கழற்றி எறிந்தார்கள். கம்ப்யூட்டர் ஏது? என்ஜினை முடுக்கிவிட்டு, காதைச் சாய்த்து, ஒரு திருகைக் கால் சுற்று திருப்பி, மறுபடி கேட்பார்கள். மெக்கானிக்கின் காதுதான் அளவுகோல்.

பெரியப்பா சொல்வார்: "சத்தம் காதுக்கு வர்றதுக்கு முந்தி நெஞ்சுல வந்து இடிக்கும். கண்ணுக்கு வண்டி தெரியறதுக்குள்ள, அது இன்னா கியருல வர்ரதுன்னு எனக்குத் தெரிஞ்சிபுடும். ஒரு வண்டி சரியில்லாம வந்தா, பக்கத்துல நிக்கிறவன் கையைப் புடிச்சி, 'இது இன்னும் ரெண்டு சுத்து தாங்காது'ன்னுவேன்."

தறியில் எந்த இழை அறுந்தது என்பதைச் சத்தத்தில் பிடித்த காது அது. பந்தய என்ஜின் அந்தக் காதுக்கு அந்நியமாக இல்லை.

சோழவரத்தில் இன்னொன்றும் அவருக்குப் பழக்கமாக இருந்தது: வாசனை. "நம்ம ஆயா வெளக்கெண்ணெ காய்ச்சறப்ப வருமே, அந்த வாசன" என்பார். நான் நெடுநாள் அதைக் கதை என்றே நினைத்தேன். உண்மையில் பழைய பந்தய என்ஜின்களுக்கு ஊற்றிய எண்ணெயில் ஆமணக்கு எண்ணெய், அதாவது நம் விளக்கெண்ணெய், முக்கியப் பங்கு வகித்தது. கடும் சூட்டிலும் அது இரும்பை விட்டு வழுகிப் போகாமல் ஒட்டி நிற்கும். காஸ்ட்ரால் என்ற பெயரே ஆமணக்கின் ஆங்கிலப் பெயரிலிருந்து வந்ததுதான். ஐரோப்பாவின் பந்தயத் தளங்களில் மணத்த அந்தப் புகையை, எங்கள் ஊர்த் தறி மெக்கானிக் தன் பாட்டியின் அடுப்போடு சேர்த்து நினைவில் வைத்திருந்தார்.

தாத்தாவும் பேரனும்

பந்தயக் காரையும் சொகுசுக் காரையும் நியாயமாக ஒப்பிட வேண்டுமானால், ஒரே குடும்பத்திலிருந்து இரண்டை எடுப்பதுதான் சரி. அதற்கு பிஎம்டபிள்யூ பொருத்தம். இந்த ஜெர்மன் நிறுவனத்தின் கார்கள் 2007 மார்ச் முதல் செங்கல்பட்டை ஒட்டிய மஹிந்திரா வேர்ல்டு சிட்டியில் பூட்டப்படுகின்றன. நம் மண்ணில் உருவாகிற சொகுசு செடான்.

தாத்தா: பிஎம்டபிள்யூ 328. 1936 ஜூன் 14 அன்று ஜெர்மனியின் நூர்பர்க்ரிங்கில் முதன்முதலாக ஓடி, தன் பிரிவில் வென்றது. 1940-ல் இத்தாலியின் மில்லே மில்லியா பந்தயத்தில், கூரை மூடிய சிறப்பு உடலோடு ஓடிய ஒரு 328 மணிக்குச் சராசரி 166 கி.மீ.க்கு மேல் ஓடி முதலிடம் பிடித்தது. மொத்தமே 464 கார்கள்தான் செய்தார்கள்.

பேரன்: பிஎம்டபிள்யூ 740ஐ. 2023 ஜனவரியில் இந்தியாவில் அறிமுகமானபோது ஷோரூம் விலை 1 கோடியே 70 லட்சம் ரூபாய்.

இருவருக்கும் இதயம் ஒரே அமைப்பு: ஒரே வரிசையில் 6 சிலிண்டர். மற்றதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

*என்ஜின்:* 328-க்கு 1,971 சிசி. 740ஐ-க்கு 2,998 சிசி, கூடவே டர்போ.

*சக்தி:* அதற்கு 80 குதிரைத்திறன். இதற்கு 380-க்குச் சற்று மேல்.

*எடை:* அது சுமார் 830 கிலோ. இது 2 டன்னுக்கும் மேல்.

*வேகம்:* சாதாரண 328 மணிக்கு 150 கி.மீ. வரை போகும். 740ஐ 5.4 விநாடியில் 100 கி.மீ. வேகத்தைத் தொடும். 250-ல் கம்ப்யூட்டரே கடிவாளம் போட்டுவிடும்.

*கியர்:* அதில் கையால் மாற்றும் 4 கியர். இதில் தானே மாறும் 8 கியர்.

*பாதுகாப்பு:* அதில் பெல்ட் இல்லை, காற்றுப்பை இல்லை, தலைக்கு மேல் கெட்டியான கூரையும் இல்லை. இதில் அத்தனையும் உண்டு.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். ஒரு டன் எடைக்கு எத்தனை குதிரைத்திறன்? 328-க்கு நூற்றுக்குக் கொஞ்சம் குறைவு. 740ஐ-க்கு ஏறத்தாழ 180. பின்சீட்டுக்காரர் சினிமா பார்ப்பதற்காக 31.3 அங்குலத் திரையைக் கூரையிலிருந்து இறக்குகிற வண்டி, அந்தக் காலப் பந்தய வீரனின் வண்டியைவிட எடைக்கு எடை ஏறக்குறைய இரண்டு மடங்கு வலிமையானது. கோயிலுக்குப் போகிற குடும்பம் அமர்ந்திருப்பது ஒரு பந்தயக் காரைவிட வேகமான காரில். அது அவர்களுக்குத் தெரியாதபடி பார்த்துக்கொள்வதுதான் அந்த வண்டியின் கலை.

கோவையில் பிறந்த பந்தயக் கார்

வெளிநாட்டுத் தாத்தாவைப் பற்றிச் சொல்லிவிட்டு நம் வீட்டுப் பிள்ளையை விட்டுவிட முடியாது. கோவையைச் சேர்ந்த எஸ். கரிவரதன் 1988-ல் ஒரு காரியம் செய்தார். அன்று நாடு முழுக்க நடுத்தரக் குடும்பங்கள் கனவு கண்ட மாருதி 800-ன் என்ஜினையும் கியர்பாக்ஸையும் எடுத்து, ஓட்டுபவனின் முதுகுக்குப் பின்னால் வைத்து, ஒற்றை இருக்கைப் பந்தயக் காராகக் கட்டினார். பெயர் ஃபார்முலா மாருதி. 796 சிசி, 3 சிலிண்டர். மளிகை வாங்கப் போகிற காரின் அதே என்ஜின்.

பெரும்பாலும் வசதி உள்ளவர்களுக்கே எட்டியிருந்த விளையாட்டை அந்தச் சின்ன கார் ஊர்ப் பிள்ளைகளின் கைக்குக் கொண்டுவந்தது. 1990-ல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத்துக்கென்றே தளம் திறந்ததும் சோழவரத்தின் காலம் முடிந்தது. ஃபார்முலா மாருதியில் பழகிய கோவை இளைஞர் நரேன் கார்த்திகேயன் 2005-ல் ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியரானார். 2010-ல் அந்த இடத்தை எட்டிய சென்னைக்காரர் கருண் சந்தோக்கின் அப்பா விக்கியும் தாத்தா இந்துவும் சோழவரத்தில் ஓட்டியவர்கள். கரிவரதன் இந்த அறுவடையைப் பார்க்கவில்லை. 1995-ல் சிறு விமான விபத்தில் இறந்துபோனார். கோவை செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரைச் சுமந்து நிற்கிறது.

யாரிடம் யார் கடன்பட்டவர்

பந்தயம் வெறும் ஆட்டம், சொகுசுக் கார் வெறும் ஆடம்பரம் என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. இரண்டும் சரியல்ல.

இன்று எல்லாக் கார்களிலும் உள்ள பின்பார்வைக் கண்ணாடியை 1911-ல் அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் பந்தயத்தில் ரே ஹாரோன் தன் காரில் பொருத்தி ஓட்டி வென்றார். ஒரு சிலிண்டருக்கு 4 வால்வு, மேலே இரண்டு கேம் ஷாஃப்ட் என்ற அமைப்பு 1912-ல் பெஜோ பந்தயக் காரில் ஓடிக் காட்டியது. இன்று சாதாரண ஹேட்ச்பேக்கிலும் அது இருக்கிறது. 1953-ல் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தை ஜாகுவார் வென்றது டிஸ்க் பிரேக்கின் பலத்தில். அந்த பிரேக் இன்று நம் பிள்ளைகளின் மோட்டார் சைக்கிள் வரை வந்துவிட்டது.

ஆனால் உயிர் காக்கிற விஷயங்களில் பந்தய உலகம் வெகுகாலம் பின்தங்கியே இருந்தது. அதைச் சொல்லாமல் பழைய கார்களைப் புகழ்வது பொய்யாகிவிடும். 1955 ஜூனில் அதே லெ மான்ஸில் ஒரு கார் பார்வையாளர்கள் மேல் சிதறி 80-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சீட் பெல்ட் கட்டினால் தீப்பிடிக்கும்போது மாட்டிக்கொள்வோம், தூக்கி எறியப்படுவதே மேல் என்று நம்பிய வீரர்கள் பலர். ஜாக்கி ஸ்டூவர்ட் போன்ற வீரர்கள் கெஞ்சியும் சண்டையிட்டும்தான் அந்த மனநிலையை மாற்றினார்கள்.

மூன்று முனை சீட் பெல்ட் பந்தயத் தளத்திலிருந்து வரவில்லை. 1959-ல் வால்வோ தன் குடும்பக் கார்களில் வைத்தது. வடிவமைத்தவர் நில்ஸ் போலின். பிற நிறுவனங்களும் பயன்படுத்தட்டும் என்று காப்புரிமையையும் திறந்துவிட்டார்கள். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் பிரேக் 1978-லும், ஓட்டுபவருக்கான காற்றுப்பை 1981-லும், வழுக்கும் காரை நேராக்கும் இஎஸ்பி 1995-லும் மெர்சிடிஸின் எஸ் கிளாஸ் வழியாகப் பரவத் தொடங்கின. பணக்காரர்களின் செடானில் தொடங்கிய பாதுகாப்புதான் பல பத்தாண்டுகள் கழித்து நம் வாடகைக் கார்களை எட்டியது.

ஆக, ஓடவும் நிற்கவும் பந்தயக் கார் கற்றுக் கொடுத்தது. பிழைத்துத் திரும்பச் சொகுசு செடான் கற்றுக் கொடுத்தது.

வேகம் எங்கே போனது?

அப்படியானால் பெரியப்பாவின் கேள்விக்கு என்ன பதில்?

பழைய பந்தயக் காரில் உட்கார்ந்தவனுக்குத் தன் வேகத்தை மீட்டரில் பார்க்கத் தேவையில்லை. காற்று முகத்தில் அறையும். ஸ்டீயரிங் உள்ளங்கையில் துடிக்கும். தரையின் ஒவ்வொரு பொத்தலும் முதுகெலும்பில் பதியும். டயர் பிடி தளரும் அந்தக் கணத்தை அவனுடைய இடுப்பு முதலில் அறியும். 80 கி.மீ. வேகம் 80-ஆகவே தெரியும். பயம் என்பது அந்த வண்டியில் ஒரு உதிரிபாகம் போல் கூடவே பொருத்தப்பட்டிருந்தது. அது வீரனின் உயிரைப் பலமுறை காத்திருக்கும்.

இன்றைய செடானில் பொறியாளர்கள் இதையெல்லாம் ஒவ்வொன்றாக அகற்றிவிட்டார்கள். இரட்டை அடுக்குக் கண்ணாடி காற்றின் ஓசையை நிறுத்துகிறது. காற்று நிரப்பிய சஸ்பென்ஷன் பள்ளத்தை விழுங்குகிறது. மௌனம் மிகுதியானதும் என்ன செய்தார்கள் தெரியுமா? செயற்கையாக ஓசை சேர்த்தார்கள். இதே குடும்பத்தின் மின்சார செடானான ஐ7-ல், ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஸ்பீக்கரில் எழும் ஒலியை உருவாக்குவதில் ஹாலிவுட் இசையமைப்பாளர் ஹான்ஸ் சிம்மர் பங்கேற்றிருக்கிறார். உண்மையான சத்தத்தை வெளியே தள்ளிக் கதவை மூடிவிட்டு, அதன் இடத்தில் ஒரு பின்னணி இசையை உட்கார வைத்திருக்கிறார்கள்.

அது அழகான வேலைப்பாடு, மறுக்கவில்லை. ஆனால் உள்ளே இருப்பவருக்கு மறைந்த வேகம், வெளியே இருப்பவருக்குக் குறைந்துவிடவில்லை. 100 கி.மீ. வேகத்தில் ஒரு கார் விநாடிக்கு ஏறக்குறைய 28 மீட்டர் கடக்கிறது. பிரேக் மிதிக்க வேண்டும் என்று மூளைக்கு உறைப்பதற்குள் ஒரு விநாடி போய்விடும். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்து நிற்கத் தேவையான தூரம் நான்கு மடங்காகும். அதே வேகத்தில் வருகிற 328-ஐவிட இரண்டரை மடங்கு ஆற்றலை இந்த 2 டன் வண்டி சுமந்து வருகிறது. எதிரே நிற்கிறவருக்குக் காற்றுப்பை கிடையாது.

எங்கள் பக்கத்துச் சாலைகளை நினைத்துப் பாருங்கள். திருத்தணி வழியாகத் திருப்பதி போகிற நெடுஞ்சாலையில் சென்னையின் பெரிய கார்கள் நாள் முழுக்க ஓடுகின்றன. அதிலிருந்து பிரிந்து வரும் சாலைகளில் கரும்பு ஏற்றிய டிராக்டர் பின்விளக்கு இல்லாமல் போகும். கைலிக் கட்டுகளைச் சுமந்த எக்ஸெல் குறுக்கே திரும்பும். பள்ளிப் பிள்ளைகள் சைக்கிளில் மூவர் மூவராகப் போவார்கள். ஆடிக் கிருத்திகை என்றால் காவடி எடுத்தவர்கள் இரவெல்லாம் நடந்து வருவார்கள். அவர்கள் காது நம்பியிருப்பது பின்னால் வரும் வண்டியின் சத்தத்தை. அந்தச் சத்தமே வராமல் வந்தால்?

சொகுசு உள்ளிருப்பவர்களையும் ஏமாற்றும். 2022 செப்டம்பரில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி மகாராஷ்டிராவின் பால்கர் அருகே விபத்தில் இறந்தார். அவர் பயணித்தது விலையுயர்ந்த, பாதுகாப்புக்குப் பேர்போன வெளிநாட்டு நிறுவனத்தின் கார். பின்சீட்டில் இருந்தவர்கள் பெல்ட் அணிந்திருக்கவில்லை என்று போலீஸ் சொன்னது. சோபாவில் சாய்ந்திருப்பது போன்ற சுகத்தில், மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் பறந்துகொண்டிருக்கிறோம் என்பது யாருக்கு நினைவிருக்கும்?

பழைய கார்களுக்குத் திரும்புவோம் என்று நான் சொல்லவில்லை. என் பிள்ளையை நான் 328-ல் உட்கார வைத்துத் திருப்பதிக்கு அனுப்ப மாட்டேன். ஏபிஎஸ்ஸும் காற்றுப்பையும் உள்ள காரில்தான் அனுப்புவேன். ஆனால் அந்தக் காரை ஓட்டுகிறவனிடம் சோழவரத்து வீரனின் புத்தி இருக்க வேண்டும் என்று விரும்புவேன். தான் கையாள்வது ஒரு பெரும் சக்தி என்ற அச்சமும் மரியாதையும் கலந்த புத்தி அது. வண்டி அதை அவனுக்குத் தராது. அவன்தான் வண்டிக்குக் கொண்டுபோக வேண்டும்.

கேட்கப் பழகுவோம்

2024 ஆகஸ்ட் 31-ம் செப்டம்பர் 1-ம் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி இரவு விளக்கொளியில் ஃபார்முலா 4 கார்கள் பாய்ந்தபோது, இந்தப் பக்கத்து இளைஞர்கள் கண் விரியப் பார்த்தார்கள். அந்த ஒளிக்கு முன்னால் எங்கள் மாவட்டத்திலேயே ஒரு சோழவரம் இருந்தது, வைக்கோல் கட்டுக்கு நடுவே லேத் தொழிலாளியும் மெக்கானிக்கும் சேர்ந்து இந்தியப் பந்தயத்தை வளர்த்தார்கள் என்பதையும் அவர்களுக்குச் சொல்ல வேண்டும். கோவையில் ஜி.டி. நாயுடு குடும்பத்தார் நடத்தும் ஜீடி கார் அருங்காட்சியகத்துக்குப் பள்ளிப் பிள்ளைகள் போய்ப் பார்க்கிறார்கள். சோழவரத்தில் ஓடிய கார்களுக்கும் அவற்றைக் காதால் சரிசெய்த கைகளுக்கும் அப்படி ஓரிடம் நம் மாவட்டத்தில் அமைய வேண்டும். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிகளும் பிள்ளைகளுக்கு எட்டுப் போடக் கற்றுக்கொடுப்பதோடு, காலியான மைதானத்தில் ஒருமுறையாவது முழு பலத்தோடு பிரேக் பிடிக்க வைத்து, கார் எவ்வளவு தூரம் போய் நிற்கிறது என்பதை இறங்கி நடந்து அளக்கச் சொல்ல வேண்டும்.

அன்று காலை நடந்ததன் மிச்சத்தைச் சொல்லிவிடுகிறேன்.

பெரியப்பாவின் கேள்வி டிரைவரைத் தொட்டிருக்க வேண்டும். முன் கதவைத் திறந்து, "ஐயா, நீங்க உட்காருங்க, தெருமுனை வரைக்கும் போய் வரலாம்" என்றார். பெரியப்பா வேட்டியை மடித்துக்கொண்டு ஏறினார். ஏறியதும் முதல் காரியமாகக் கண்ணாடியை இறக்கச் சொன்னார். கார் நகர்ந்தது. ஜல்லி டயருக்கு அடியில் நொறுங்கும் ஓசையும், இருபுறமும் தறிகளின் ஓட்டமும், யாரோ குழந்தையை அதட்டும் குரலும் அந்தக் குளிர்ந்த அறைக்குள் ஒன்றாக நுழைந்தன.

"இப்பத்தாம்பா பேசுது" என்றார் பெரியப்பா.

அவரை இறக்கிவிட்டு அந்தக் குடும்பம் புறப்பட்டபோது ஏசி ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் டிரைவர் தன் பக்கத்துக் கண்ணாடியை ஏற்றவில்லை. தெருமுனையில் அதே எக்ஸெல்காரர், இன்னொரு பாவு உருளையோடு எதிரே வந்தார். கார் ஓரம் கட்டி நின்று, அவர் கடந்து போகும்வரை காத்திருந்தது.